மூன்று நாள் பொறு, அண்ணே

கார்வர்ஸ் மில்,
19 நவம்பர் 2018

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு,

சித்தப்பா எல்வுட் எழுதுவது. இங்கே நானும் என் நாய் செனட்டரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. அங்கே உன் இருமல் நின்றதா, போர்ட்லண்டில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று எழுது.

இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த மெய்ன் மாநிலத்தில் ஒரு ஜீவன் நம்பாது. இருபத்திரண்டு வருஷமாக ஊர்க்கூட்ட நடுவராகச் சுத்தியல் தட்டிவரும் என் மேலான பதவியின் மீது கை வைத்து இந்த உறுதியை அளிக்கிறேன்.

வேட்டைப் பருவத்தின் முதல் சனிக்கிழமை. வழக்கம்போல தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விடிவதற்கு முன்பே வேட்டைக்காரர் விருந்து. ஆரஞ்சுச் சட்டையில் அறுபத்தோரு பேர். சட்டியில் பீன்ஸ் வெந்து, அந்த வாசனை கனடா எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. கதவு திறந்தது. பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு மான் உள்ளே வந்தது. பாதிரியார் உத்தரவுப்படி எங்கள் துப்பாக்கி எல்லாம் வெளியே வண்டிகளில். அறுபத்தோரு மகாவீரர்களும் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருக்க, மான் இரண்டு தட்டு பீன்ஸும் ஒரு துண்டு ஆப்பிள் பை பலகாரமும் தின்றுவிட்டு, பாதிரியாருக்குத் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு வெளியேறியது.

சுவர் ஓரமாக இருந்த உன் அப்பாவின் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அந்த மான்கூட உட்காரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சித்தப்பா,
எல்வுட் பிரிட்ஜம்


போர்ட்லண்ட்,
2 டிசம்பர் 2018

அன்புள்ள சித்தப்பா,

நான் நலம். இருமல் போய்விட்டது. உங்கள் முழங்காலுக்கு டாக்டர் கொடுத்த மருந்தைத் தேய்க்கிறீர்களா, அல்லது செனட்டருக்குத் தேய்த்துவிட்டீர்களா?

மான் கதை நன்றாக இருந்தது. ஆனால் நான் போனில் கேட்டதற்கு அது பதில் இல்லை. அப்பாவைப் பற்றி எப்போது கேட்டாலும் "அடுப்புல ஏதோ பொங்குது" என்று வைத்துவிடுகிறீர்கள். இரண்டு வருஷமாகவா பொங்கும்? அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் என் வகுப்பில் ஒளிந்துகொள்ளும் பயிற்சி. துப்பாக்கியோடு ஒருவன் வந்தால் என்ன செய்வது என்பதற்கான பயிற்சி. எட்டு வயசுப் பிள்ளைகள் பத்தொன்பது பேரை அலமாரிக்குப் பின்னால் உட்காரவைத்து விளக்கை அணைக்க வேண்டும். சத்தம் வராமலிருக்க ஆளுக்கொரு லாலிபாப் கொடுப்போம். ஒரு பெண் என் காதருகே வந்து, "நெஜமாவே வந்தா பெரிய லாலிபாப் தருவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். துப்பாக்கி வாங்குகிறவர் மூன்று நாள் காத்திருந்துதான் எடுத்துப்போக வேண்டும் என்று சட்டம் கேட்டு, மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கப்போகிறேன். அப்பா பழைய ரைஃபிளை விற்றுவிட்டதாக என்னிடம் சொன்னார். நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு அந்த வெள்ளிக்கிழமை குவிம்பியின் துப்பாக்கிக் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினார். சனிக்கிழமை காலை அதாலேயே தன்னை முடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நான் வருவதாக இருந்தேன், சித்தப்பா. மூன்று நாள் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் வந்து சேர்ந்திருப்பேன்.

கூட்டத்தில் நீங்கள்தான் நடுவர். உங்கள் மனசு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
கெண்ட்ரா


கார்வர்ஸ் மில்,
14 டிசம்பர் 2018

அன்பு மகளுக்கு,

நான் நலம், செனட்டர் அதைவிட நலம். மருந்தை அவன்தான் நக்கிவிட்டான். இப்போது முயலைவிட வேகமாக ஓடுகிறான்.

ஊர்ச் செய்தி கேள். நம் தீயணைப்புப் படை வருஷா வருஷம் குலுக்கலில் ஒரு ரைஃபிளைப் பரிசாக வைக்கும் அல்லவா? ஆதாம் ஏவாள் காலம் தொட்டு அதுதான் வழக்கம். இந்த வருஷம் சிலர் முணுமுணுத்து, துப்பாக்கிக்குப் பதிலாகத் துப்பாக்கி பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டகம் வைத்தார்கள். பரிசு விழுந்தது எடித் அம்மாளுக்கு. அவளிடம் துப்பாக்கியே இல்லை. மகன்களிடமிருந்து காப்பாற்ற, தான் சுடும் ஆப்பிள் பை பலகாரத்தை அதில் வைத்துப் பூட்டுகிறாள்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், சாயங்காலம் காட்டுக்குப் போகவேண்டுமென்று ரைஃபிளைக் கையோடு கொண்டுபோவோம். தலைமையாசிரியர் அறையில் குடைகளுக்குப் பக்கத்தில் சாத்திவைப்போம். நீயோ பிள்ளைகளுக்கு லாலிபாப் கொடுத்து வாயை அடைக்கிறாய். உன் கடிதத்தில் அந்த இடத்தை நான்கு தரம் படித்தேன்.

உன் தீர்மானம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. காப்பிக் கடையில் வெர்னன் என்னை மடக்கினான்.

"ஏம்ப்பா எல்வுட், ஒன் அண்ணன் மக எங்க துப்பாக்கியப் புடுங்க வர்றாளாமே?"

"துப்பாக்கிய இல்லடா, மூணு நாளத்தான் புடுங்கறா. ஒனக்கென்ன நாளுக்கா பஞ்சம்? வேலைக்குப் போயே ஒம்போது வருசம் ஆச்சு."

கடையே சிரித்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், முன்பெல்லாம் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். இப்போது உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள்.

தீர்மானத்தைத் தாராளமாகக் கொண்டுவா. ஆனால் குவிம்பியின் பெயரை அதில் இழுக்காதே. வயசானவர். நல்ல மனுஷர்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

சித்தப்பா


போர்ட்லண்ட்,
8 ஜனவரி 2019

அன்புள்ள சித்தப்பா,

புத்தாண்டில் நீங்கள் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நான் சுகம்.

பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தீர்மானம் கூட்ட அறிவிப்பில் வந்துவிடும். துண்டுப் பிரசுரமும் அச்சடித்தாயிற்று. அப்பா மீன் தூண்டிலோடு சிரிக்கும் படம் மேலே, கீழே, "குவிம்பி கடையில் அரை மணி நேரத்தில் துப்பாக்கி வாங்கினார், மறுநாள் இல்லை" என்று. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் பெயரைப் போட்டேன். அதை எடுத்துவிட்டால் அது வெறும் வாதமாகிவிடும். யாரும் வாதத்துக்காகக் கை தூக்குவதில்லை.

அவர் கடைக் கண்ணாடியில் யாரோ அசிங்கமாக எழுதியதாகவும், பலர் இப்போது அங்கே போவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமில்லை. வருத்தமும் இல்லை.

ஒரு விவரம் வேண்டும். அடக்கத்தன்று, "துப்பாக்கி எங்கேருந்து வந்துச்சு சித்தப்பா?" என்று கேட்டேன். "குவிம்பிகிட்ட வாங்கியிருப்பாரு கண்ணு" என்றீர்கள். ஷெரிஃப் ஆபீசிலிருந்து அதைத் திரும்ப வாங்கியதும் நீங்கள்தான். என்னால் அப்போது அதைப் பார்க்க முடியவில்லை. அது என்ன மாதிரி? இப்போது எங்கே இருக்கிறது?

அன்புடன்,
கெண்ட்ரா


கார்வர்ஸ் மில்,
21 ஜனவரி 2019

மதிப்புக்குரிய செல்வி பிரிட்ஜம் அவர்களுக்கு,

தாங்கள் நலமென நம்புகிறேன். தங்கள் தந்தையார் ஹோலிஸ் எனக்கு நாற்பது வருஷ நண்பர். தங்கள் பிரசுரத்தைப் பார்த்தேன். அந்த வாரத்திலோ, அதற்கு முந்தின ஐந்து வருஷத்திலோ, ஹோலிஸுக்கு நான் எந்தத் துப்பாக்கியும் விற்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இதற்கு மேல் சொல்வது என் வேலை இல்லை. தங்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

இப்படிக்கு,
ஆல்டன் குவிம்பி


போர்ட்லண்ட்,
26 ஜனவரி 2019

சித்தப்பா,

நலமா? நான் நலம்.

குவிம்பி எழுதியிருக்கிறார். தான் விற்கவே இல்லை என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்றால், மார்ச் பதினாறாம் தேதி ஊருக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்தே நான் பேசுவேன். அவர் சொல்வது நிஜம் என்றால், ஒரு கிழவரை ஊரே ஒதுக்கும்படி செய்தவள் நான்.

மான் வேண்டாம். செனட்டர் வேண்டாம். அவர் சொல்வது நிஜமா, பொய்யா? ஒரு வார்த்தை போதும்.

கெண்ட்ரா


கார்வர்ஸ் மில்,
4 பிப்ரவரி 2019

அன்பு மகளுக்கு,

நலம். இங்கே பனி கூரையளவு. நேற்று மூச்சு விட்டேன். அது அப்படியே உறைந்து தரையில் விழுந்ததில் செனட்டரின் காலில் அடிபட்டது. அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. குளிரில் மெழுகுவர்த்தியின் சுடர்கூட உறைந்துவிட்டது. உடைத்துத்தான் அணைக்க வேண்டியிருந்தது. விறகு இன்னும் ஆறு வாரத்துக்கு வரும்.

உன் கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

சித்தப்பா


கார்வர்ஸ் மில்,
19 பிப்ரவரி 2019

கெண்ட்ரா,

குவிம்பி சொல்வது நிஜம்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீ நகரத்துக்குப் போய்விட்டதால் பார்த்திருக்கமாட்டாய். ஒருவனுக்கு மனசு சரியில்லை என்றால், துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி, நம்பிக்கையான ஒருத்தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவான். "கொஞ்ச நாளு ஒங்கிட்ட இருக்கட்டும்" என்பான். ஏன் என்று கேட்கக்கூடாது. வாங்கிவைத்துவிட்டு மழை, மீன் என்று பேச வேண்டும். அவன் திரும்பக் கேட்டு வந்தாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. அதுதான் மரியாதை.

உன் அம்மா இறந்துபோன அந்தக் குளிர்காலத்தில் அண்ணன் தன் ரைஃபிளைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் வைத்தார். "கெண்ட்ராகிட்ட வித்துட்டேன்னு சொல்லிக்கிறேன், பயப்படுவா" என்றார். பத்து மாதம் என்னிடம்தான் இருந்தது. இதைப் போல ஒரு நல்ல காரியம் நான் செய்ததில்லை. அதற்கு மேல் நான் எதுவுமே செய்யாமல் இருந்திருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணி இருக்கும். சவரம் செய்து, ஆரஞ்சுச் சட்டை போட்டு, வாசலில் வந்து நின்றார்.

"டேய், நாளைக்கு வேட்டை. எடுத்துக் குடு."

"இந்த வருசம் சும்மா எங்கூட வாயேன் அண்ணே. நான் சுடறேன், நீ திட்டு."

"எல்லாரும் துப்பாக்கியோட நிப்பானுங்க, நான் மட்டும் பீன்ஸத் தின்னுட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போகணுமா? ஏன் ஹோலிஸ், என்னாச்சு ஹோலிஸ்னு ஒவ்வொருத்தனா கேப்பான். குடுடா. எனக்குச் சரியாயிருச்சு."

அவர் எனக்கு ஐந்து வருஷம் மூத்தவர். எங்கள் அப்பா போனபின் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஊரில் எல்லோரையும் வாயாலேயே வீழ்த்துகிற எனக்கு, அந்த ஒரு மனுஷரிடம் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. அவர் முகமும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் மகளே, நிம்மதியான முகமாக இருந்தது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து, துடைத்துக்கூடக் கொடுத்தேன்.

மறுநாள் விருந்தில் அவருக்கு இடம் பிடித்துவைத்தேன். தட்டில் பீன்ஸும் முட்டையும் போட்டுவைத்தேன். நேரமாகியும் வரவில்லை. "எங்கப்பா ஒங்கண்ணன்?" என்று கேட்டார்கள். "மானுங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு லெட்டர் எழுதிக்கிட்டிருக்காரு, முடிச்சுட்டு வருவாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் தமாஷைச் சொன்ன நேரமும் ஷெரிஃப் ரிப்போர்ட்டில் எழுதியிருந்த நேரமும் ஏறக்குறைய ஒன்று.

அடக்கத்தன்று நீ கேட்டபோது குவிம்பியின் பெயர் வாயில் வந்தது. ஏன் வந்தது என்றால், ஊரில் துப்பாக்கிக் கடை அது ஒன்றுதான். மறுநாளே அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர், "நீயா எப்பச் சொல்றியோ அப்பச் சொல்லிக்க" என்றார். கண்ணாடியில் எழுதியதை அவரே பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தபோதும் அதையேதான் சொன்னார்.

ரைஃபிளை ஷெரிஃபிடம் வாங்கிய அன்றே நாட்டன் ஏரியின் நடுவில் போட்டேன்.

உன் மூன்று நாள் சட்டத்தை ஊரில் முதலில் கேலி செய்தவன் நான். இப்போது அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கினால் மட்டுமல்ல, வைத்திருப்பவன் திருப்பிக் கொடுப்பதற்கும் மூன்று நாள் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், "மூணு நாளு பொறு அண்ணே, நான் என்ன பண்றது, இந்தப் பாழாப்போன கவர்மென்டு ரூலு" என்று சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டியிருப்போம். ஞாயிறு நீ வந்திருப்பாய். அண்ணனிடம் முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கெண்ட்ரா. ஒரு சாக்கு இருந்திருந்தால் போதும்.

எல்வுட்


போர்ட்லண்ட்,
28 பிப்ரவரி 2019

கடிதம் கிடைத்தது.

குவிம்பிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். மீதிப் பிரசுரங்களை எரித்துவிட்டேன். கூட்டத்துக்கு வரமாட்டேன். தீர்மானத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

துடைத்துக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

கெண்ட்ரா


கார்வர்ஸ் மில்,
18 மார்ச் 2019

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு,

நீ நலமாயிருக்க வேண்டும். இதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. உன் தீர்மானம் என்ன ஆயிற்று என்று உனக்கு ஒருவர் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நடந்த ஊர்க்கூட்டத்தைச் சரித்திரம் மறக்காது. பள்ளிக்கூட ஜிம்மில் நாலாயிரம் பேர். நம் ஊர் ஜனத்தொகை ஐந்நூற்று எட்டு என்பதால், மீதிப் பேர் கல்லறையிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். சாலை மராமத்துக்கும் நூலகக் கூரைக்கும் ஓட்டுப் போட்டு முடித்து, முப்பத்தோராவது பொருளாக உன் தீர்மானத்தை வாசித்தேன். காற்று நின்றது. சுவர்க் கடிகாரம் மரியாதைக்காக நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த பாத்திரங்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

நடுவர் எந்தப் பொருளிலும் பேசக்கூடாது. பேசவேண்டுமென்றால் சுத்தியலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒருதரமும் இறங்கியதில்லை. இந்தமுறை எடித் அம்மாளிடம் சுத்தியலைக் கொடுத்தேன். "எங்கடா போற?" என்றாள். இறங்கினேன். ஒலிவாங்கி முன்னால் நின்றேன். என் பேச்சைக் கேட்டு ஜிம்மின் கூரை பிளந்தது. வெர்னன் தன் பதினோரு துப்பாக்கிகளையும் கொண்டுவந்து என் காலடியில் குவித்தான். வெளியே காட்டில் மான்கள் மண்டியிட்டன. குவிம்பி எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டார். திருப்பிக் கொடுப்பதற்கும் மூன்று நாள் என்று ஒரு திருத்தம் வைத்தேன். நாலாயிரம் கைகள் ஆகாயத்தை நோக்கி எழுந்தன. எதிர்த்து ஒரு விரல் இல்லை. சட்டமன்றத்தில் அன்று சாயங்காலமே சட்டமாகி, எல்லா அண்ணன்களும் வீடு திரும்பினார்கள்.

இத்தோடு நிறுத்தினால் உனக்கு நான் இன்னொரு மான் கதை எழுதினவனாவேன்.

வந்தவர்கள் நூற்று மூன்று பேர். ஆதரவு நாற்பத்திரண்டு, எதிர்ப்பு அறுபத்தொன்று. தோற்றுப்போனோம். ஆறு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒன்று வந்தபோது இரண்டு கைதான் எழுந்தது. அதிலும் ஒருவர் முதுகு சொறிந்துகொண்டிருந்தார். வெர்னன் எதிராகத்தான் ஓட்டுப் போட்டான். போட்டுவிட்டு வெளியே வந்து, "எங்கிட்டயும் ரெண்டு பேரோடது கெடக்குடா" என்றான். யாருடையது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "கேட்டு வந்தா, ஏன்னு கேளு" என்றேன். குவிம்பி கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. கையை மட்டும் தூக்கினார், ஆதரவாக. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் பேச்சும் பேச்சே இல்லை. இருந்தது மூன்று வாக்கியம். மூன்றாவது முடியவில்லை.

ஆகவே மகளே, மேலே கூட்டத்தைப் பற்றி நான் முதலில் அளந்துவிட்டதில் ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் உண்மை: நான் மேடையிலிருந்து இறங்கினேன். இறங்கி, "துப்பாக்கி குவிம்பி கடையிலிருந்து வரல. எங்கண்ணன் கேட்டாரு, நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று ஊர் கேட்கச் சொன்னேன்.

எல்வுட்